குளிர் ஊரில் உணவுக் கழிவை கேஸாகவும் உரமாகவும் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் எங்கள் வீட்டு உரத்தொட்டியோடு, தெரிந்த சில தங்கும் விடுதிச் சமையலறைகளில் உணவுக் கழிவிலிருந்து கேஸ் எடுக்கும் மூடிய கலன்களையும் பார்த்துக்கொள்கிறேன். விடுதி நடத்துபவர்கள், பள்ளி ஆசிரியர்கள், கேரட் போடுகிற விவசாயிகள் என்று பலரும் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். சமவெளியை மனதில் வைத்துச் சொல்லப்படும் அளவுகள் இங்கே பொருந்தாமல் பலர் பணத்தை இழந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் நீலகிரிக்கென்று இதை எழுதி வைக்கிறேன். உயரமும் குளிரும் ஏறக்குறைய ஒன்று என்பதால் கொடைக்கானல்காரர்களுக்கும் பெரும்பகுதி உதவும்.

ஊட்டிக் குளிரில் கோபர் கேஸ் எரியுமா?

எரியும். ஆனால் மேட்டுப்பாளையத்தில் எரிகிற அளவுக்கு எரியாது. காரணம் தெரிந்தால் என்ன செய்யலாம் என்பதும் தெரிந்துவிடும்.

கலனுக்குள் காற்று கிடையாது. அங்கே சில வகை நுண்ணுயிர்கள் வரிசையாக வேலை செய்கின்றன. முதல் கூட்டம் சோற்றையும் காய்கறியையும் கரைக்கும். அடுத்த கூட்டம் அதை அமிலமாக்கும். கடைசிக் கூட்டம் அந்த அமிலத்திலிருந்து மீத்தேனை உண்டாக்கும். குளிர் அதிகம் பாதிப்பது இந்தக் கடைசிக் கூட்டத்தைத்தான். 35 டிகிரியை ஒட்டி இருந்தால் அது சுறுசுறுப்பாக இருக்கும். 20 டிகிரிக்குக் கீழே மந்தமாகும். 15-க்குக் கீழே கேஸ் வெகுவாகக் குறையும். 10-க்குக் கீழே போனால் அடுப்பு எரிய வைக்கும் அளவுக்குக் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் 1,850 மீட்டரை ஒட்டி. கூடலூர் இரண்டையும்விட வெகு கீழே, அதனால் வெதுவெதுப்பு. ஒரே மாவட்டம்தான், ஆனாலும் மூன்று ஊருக்கும் ஒரே கலனைச் சொல்ல முடியாது. தலைகுந்தாவில் ஜனவரி விடியலில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படர்ந்து கிடக்கும்போது, வெளியே நிற்கிற பிளாஸ்டிக் டேங்குக்குள் நுண்ணுயிர்கள் என்ன பாடுபடும்!

இன்னொரு விஷயம், இது முக்கியம். சாண எரிவாயுக் கலன்களுக்கு இந்தியாவில் பழைய கணக்கு ஒன்று உண்டு. போட்ட சரக்கு கலனுக்குள் எத்தனை நாள் தங்க வேண்டும் என்பதை ஊரின் வெப்பத்தை வைத்து 30 நாள், 40 நாள், 55 நாள் என்று பிரித்திருக்கிறார்கள். தமிழ்நாடு 30 நாள் பட்டியலில் வருகிறது. இமாச்சலம் போன்ற குளிர் மாநிலங்கள் 55 நாள் பட்டியலில். நாம் தமிழ்நாட்டில் இருக்கிறோம் என்பதற்காக 30 நாள் கலனை இங்கே கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள். ஊட்டிக்கும் குன்னூருக்கும் 55 நாள் கணக்குதான் சரி. தினமும் 10 கிலோ கழிவும் 10 லிட்டர் தண்ணீரும் போட்டால், 30 நாளுக்கு 600 லிட்டர் போதும் என்பார்கள். 55 நாளுக்கு 1,100 லிட்டர் ஆகிறது. என்னைக் கேட்டால் குன்னூரில் இந்த அளவுக்கு 2,000 லிட்டருக்குக் குறைவாக வாங்காதீர்கள் என்பேன்.

அப்படியானால் கலனை எப்படிச் சூடாக வைப்பது?

மண்ணுக்குள் புதைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். புதைத்தால் இரவுப் பனி நேராகப் படாது, அது உண்மை. ஆனால் ஊட்டி மண்ணே கொஞ்சம் ஆழத்தில் ஆண்டு முழுக்க 15 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். குளிர்ந்த மண்ணில் புதைத்த கலன் குளிர்ந்துதான் கிடக்கும்.

வெந்நீரில் கரைத்து ஊற்றினால்? நல்ல பழக்கம்தான், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. 2,000 லிட்டர் கலனில் 45 டிகிரி வெந்நீர் கலந்த 20 லிட்டர் கரைசலை ஊற்றினால் மொத்தக் கலனும் ஏறுவது கால் டிகிரிதான். ராத்திரியில் அது போய்விடும். முதலில் சூடு வெளியே போகாமல் தடுக்க வேண்டும், அப்புறம்தான் வெந்நீர் பலன் தரும்.

குன்னூரில் எனக்குக் கைகொடுத்தது இதுதான். கறுப்பு நிற டேங்கைப் பாதி அளவுக்குக் குழியில் இறக்கி, சுற்றிலும் ஓரடி கனத்துக்குக் காய்ந்த மரத்தூள் அடைத்தோம். மரத்தூள் நனையாமல் இருக்க வெளியே ஒரு தகடு. மேலே, பூ வளர்ப்பவர்கள் போடுகிற மாதிரி பாலித்தீன் கூடாரம். தெற்குப் பக்கம் வெயில் விழும் இடமாகப் பார்த்தோம். இன்னொரு விடுதியில் மரத்தூளுக்குப் பதிலாகக் கலனைச் சுற்றியே உரக்குவியல் போட்டிருக்கிறார்கள். நன்றாக வேகிற உரக்குவியலின் நடுவில் 55, 60 டிகிரி வரை இருக்கும். அந்தச் சூடு சும்மா காற்றில் போகாமல் கலனுக்குப் போகிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை குவியலைப் பிரித்துப் புதிதாகக் கட்ட வேண்டும். உடல் உழைப்பு அதிகம், ஆனால் செலவு இல்லை.

நிறைய பேருக்குச் சமைக்கிற இடங்களுக்கு, பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய நிசர்க்ருணா முறையைப் பார்க்கச் சொல்வேன். அதில் கழிவு முதலில் ஒரு தனித் தொட்டியில் காற்றோடும் வெந்நீரோடும் சூடாக நொதிக்கும். பிறகுதான் கேஸ் கலனுக்குப் போகும். வெந்நீருக்குச் சூரிய ஒளிச் சூடேற்றி வைத்துக்கொள்ளலாம். குளிர் ஊருக்கு இந்த இரண்டு கட்ட ஏற்பாடு பொருத்தமானது. ஆனால் வீட்டுக்கு ஏற்றதல்ல.

10 கிலோ கழிவில் எவ்வளவு கேஸ் வரும்?

கலன் நல்ல சூட்டில் இருந்தால் ஒரு கிலோ ஈரக் கழிவுக்கு ஏறக்குறைய 100 லிட்டர். 10 கிலோவுக்கு ஒரு கன மீட்டர். ஒரு பர்னர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எரியும். சிலிண்டர் கேஸில் சொன்னால் ஏறத்தாழ 450 கிராம். மாதம் முழுக்கத் தினமும் 10 கிலோ போட்டால் 13 கிலோவுக்கு மேல், அதாவது 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டர் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு.

இது நல்ல நாளின் கணக்கு. மலையில் டிசம்பர், ஜனவரியில் இதில் பாதி வந்தால் சந்தோஷப்படுங்கள்.

மின்சாரம் எடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். ஒரு கன மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு யூனிட்தான் வரும். அதற்கு ஓர் இன்ஜின், அதற்குப் பராமரிப்பு. சமையலுக்கே கேஸ் தேவைப்படும் இடத்தில் இது வீண் வேலை என்பது என் கருத்து.

வீட்டுக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் என்றே சொல்கிறேன். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை, இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு வீணாவதாக மதிப்பிடுகிறது. நாலு பேர் வீட்டுக்கு 220 கிலோ, ஒரு நாளைக்கு 600 கிராம். அதில் 60 லிட்டர் கேஸ் கிடைக்கும். எட்டு நிமிடம் அடுப்பு எரியும், ஒரு வேளை டீ போடலாம். குளிர்காலத்தில் அதுவும் கிடைக்காது. இதற்காக இவ்வளவு செலவு செய்து ஒரு கலனைக் காவல் காக்க வேண்டியதில்லை. கூடலூர், பந்தலூர் பக்கம் மாடும் வைத்திருக்கிற வீடு என்றால் கதை வேறு. அங்கே தாராளமாக வையுங்கள்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வீடுகளுக்கு உரம்தான் வழி. கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது?

சோறு, குழம்பு, இட்லி மாவு, காய்கறித் தோல், பழம், பால் திரிந்தது, டீத்தூள் சக்கை எல்லாம் போடலாம். டீத்தூளை மட்டும் கொஞ்சமாக. எலும்பு, முட்டை ஓடு, தேங்காய் ஓடு, மாங்கொட்டை போட்டால் அடியில் போய்த் தங்கிக் கலனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் நிறையப் போடக்கூடாது. பொரித்த எண்ணெயும் கூடாது, மேலே ஆடையாகப் படிந்து அடைத்துவிடும். பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீரும் பினாயிலும் ஒரு சொட்டுக்கூட உள்ளே போகக்கூடாது.

எதையும் சின்னதாக நறுக்கியோ மிக்ஸியில் ஒரு சுற்று விட்டோ போட்டால் சீக்கிரம் செரிக்கும். குளிர் ஊரில் இந்த வேலையைத் தவிர்க்கவே கூடாது.

சாப்பாடாக யாருக்காவது கொடுக்க முடிகிற எதையும் கலனில் போடாதீர்கள். கல்யாண மண்டபத்தில் தொடாத அண்டாச் சோறு மீந்தால் அதற்குப் பசித்தவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

தினமும் சாணம் போட வேண்டுமா?

வேண்டாம். தொடக்கத்தில் மட்டும் போதும், தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரி. மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மாட்டின் வயிற்றிலேயே இருப்பவை, புதுச் சாணத்தில் உயிரோடு வரும். கலனில் பாதிக்குச் சாணக் கரைசலை நிரப்பி, கேஸ் நீலமாக எரியத் தொடங்கும் வரை உணவுக் கழிவு எதுவும் போடாமல் காத்திருங்கள். சமவெளியில் இரண்டு, மூன்று வாரம் ஆகும். குன்னூரில் ஆறு வாரம்கூட ஆகலாம். அதனால் மார்ச் மாதம் தொடங்குவது நல்லது. நவம்பரில் தொடங்காதீர்கள்.

கலன் புளித்துவிட்டது, அடுப்பு பற்றவில்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்வி ஒவ்வொரு மே மாதமும் வரும். எனக்கும் நடந்திருக்கிறது.

முதல் வருஷம், நான் பார்த்துக்கொண்ட ஒரு விடுதியில் தினமும் எட்டு கிலோ போட்டுக்கொண்டிருந்தோம். சீசனில் ஒரு பெரிய குடும்பம் வந்து விருந்து வைத்தது. மறுநாள் காலை மூன்று பக்கெட் பிரியாணி மிச்சம். கலனை விற்றவர் "எவ்வளவு வேணும்னாலும் போடலாம் சார்" என்று சொல்லியிருந்தார். நானும் நம்பி மூன்று பக்கெட்டையும் அன்றைக்கே போட்டேன். முதல் இரண்டு நாள் கேஸ் பொங்கி வந்தது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. மூன்றாம் நாள் அடுப்பில் தீக்குச்சி காட்டினால் அணைந்துவிட்டது. கலனைத் திறந்தால் காடி வாடை. சரியாகி மறுபடி நீலத் தீ பார்க்க ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் சமையல்காரர் சிலிண்டரில்தான் சமைத்தார்.

நடந்தது இதுதான். சோறும் எண்ணெயும் ஒரேயடியாக விழுந்ததும் அமிலம் உண்டாக்கும் கூட்டம் வேகமாக வேலை செய்துவிட்டது. அமிலத்தை உண்ண வேண்டிய கூட்டம் மெதுவானது, குளிரில் இன்னும் மெதுவானது. அமிலம் சேர்ந்து, அந்தப் புளிப்பே அவற்றைக் கொன்றுவிட்டது. வந்த வாயுவில் பெரும்பகுதி கரியமில வாயுவாக இருந்ததால்தான் தீ பற்றவில்லை.

இப்படி ஆனால் உடனே கழிவு போடுவதை நிறுத்துங்கள். புளிப்பை அளக்கும் பி.எச். காகிதம் மருந்துக் கடையிலோ ஆய்வகப் பொருள் கடையிலோ கிடைக்கும், அதை வைத்துப் பாருங்கள். 6.8-லிருந்து 7.4-க்குள் இருந்தால் நலம். 6.5-க்குக் கீழே இருந்தால் சுண்ணாம்புத் தெளிவு நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு ஒரு முறை ஊற்றிப் பாருங்கள். விறகுச் சாம்பல் கரைசலும் உதவும். ஒரு பக்கெட் புதுச் சாணம் கரைத்து ஊற்றுங்கள். அப்புறம் காத்திருக்க வேண்டும். நீலத் தீ வந்த பிறகும் பழைய அளவில் கால் பங்கிலிருந்து தொடங்கி வாரம் வாரம் கூட்டுங்கள்.

பிரியாணியே கூடாது என்பதில்லை. மூன்று பக்கெட்டையும் பத்து நாளுக்குப் பிரித்துப் போட்டிருந்தால் எதுவும் ஆகியிருக்காது.

சீசனில் கழிவு மூன்று மடங்காகிறது. எப்படிச் சமாளிப்பது?

கலனைச் சீசனுக்காகப் பெரிதாக வாங்காதீர்கள். ஏப்ரல், மே போனால் அது பாதி பட்டினி கிடக்கும். சாதாரண நாளின் அளவுக்குக் கலன் வாங்கி, அதற்கு மேல் வருவதை உரத்துக்கு அனுப்புங்கள். உரக்குவியல் ஒரே நாளில் மூன்று மடங்கு வந்தாலும் தாங்கும், காய்ந்த இலை கையில் இருந்தால் போதும். அதனால் ஜனவரி முதல் மார்ச் வரை மழையில்லாத நாட்களில் இலையைச் சாக்குகளில் கட்டிச் சேர்த்து வையுங்கள்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்திருக்கிறது. வரும் வண்டிகளுக்கு ஓர் எண்ணிக்கை கிடைக்கிறது என்பதே கழிவைத் திட்டமிடவும் உதவும். அந்த எண்ணிக்கையை வார்டு வாரியாக உணவகங்களுக்கு முன்கூட்டியே சொன்னால் சமைக்கும்போதே அளவு குறையும் என்பது என் ஆசை.

வீட்டில் உரம் போடுவது எப்படி? மழையில் நாறிவிடுகிறதே.

நாற்றம் வருகிறது என்றால் ஈரம் அதிகம், காய்ந்தது குறைவு. ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை, இதை மீறாமல் இருந்தால் வாடை வராது. சில்வர் ஓக் இலை நன்றாக இருக்கும், கையால் நொறுக்கிப் போடுங்கள். கற்பூர மர இலை மக்க நாள் பிடிக்கும், அதனால் மற்ற இலையோடு கலந்து போடுங்கள். சோலைக்குள் போய் சருகு அள்ளி வராதீர்கள், அது அந்தக் காட்டுக்குச் சொந்தமான உரம்.

குளிர் ஊரில் குவியல் சின்னதாக இருந்தால் சூடு பிடிக்காது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராவது இருந்தால்தான் நடுவில் சூடு நிற்கும். ஒரு வீட்டால் அவ்வளவு சேர்க்க முடியாது. நாலைந்து வீடு சேர்ந்தால் முடியும். லைன் வீடுகளில் இருப்பவர்கள் பொதுவாக ஒரு தொட்டி கட்டிக்கொள்ளலாம். மேலே தகரக் கூரை கட்டாயம். கீழே ஒரு கையளவு குச்சி பரப்பினால் தண்ணீர் வடியும். குன்னூர், கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய சோதனை. கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலை. சமவெளியில் இரண்டு மாதத்தில் முடிவது இங்கே மூன்று, நாலு மாதம் ஆகும்.

தனி வீட்டுக்கு மண்புழுத் தொட்டி வையுங்கள். இங்கே குளிரே நமக்கு உதவி செய்கிறது. கழிவு தின்னும் சிவப்புப் புழுக்களுக்கு 15 முதல் 25 டிகிரி வரை பிடித்தமான சூடு. கோவையில் கோடையில் ஈரச்சாக்கு போட்டு அவற்றைக் காப்பாற்ற வேண்டும், குன்னூரில் நிழலில் வைத்தாலே போதும். எண்ணெய், உப்பு, காரம் அதிகமுள்ள மீந்த குழம்பை மட்டும் புழுவுக்குப் போடாதீர்கள்.

கரடி வருமா?

வரும். இந்தக் கேள்வியை யாரும் சிரித்துக்கொண்டு கேட்பதில்லை, நானும் அப்படிப் பதில் சொல்லப் போவதில்லை.

கோத்தகிரியிலும் குன்னூரிலும் கரடி கதவை உடைத்துக்கொண்டு பேக்கரிக்குள்ளும் சத்துணவு மையத்துக்குள்ளும் போவது நமக்குப் புதிதல்ல. எண்ணெயும் வெல்லமும் அதற்கு வெகுதூரம் வாடை தரும். காட்டெருமை தேயிலைத் தோட்டம் வழியாகத் தெருவுக்கே வருகிறது. காட்டுப்பன்றி இரவோடு இரவாகத் திறந்த உரக்குழியைக் கிளறிப் போட்டுவிடும். குப்பை இருக்கிற இடத்தில் நாய் பெருகும், நாய் பெருகிய இடத்துக்குச் சிறுத்தை வரும். வீட்டு வாசலில் சிறுத்தை வந்தது என்று செய்தி வரும்போதெல்லாம் நான் முதலில் கேட்பது, பக்கத்தில் குப்பைத் தொட்டி எங்கே என்பதுதான்.

சோற்றைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி எறிவது இன்னும் கொடுமை. வாடை கவருக்குள் இருப்பதால் கடமானும் காட்டெருமையும் கவரோடு விழுங்குகின்றன. தமிழ்நாடு முழுவதும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1-இல். நீலகிரியில் அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 2000-களின் தொடக்கத்திலேயே, தடை முயற்சி தொடங்கிவிட்டது. அப்படியிருந்தும் மலைப்பாதைத் திருப்பங்களில் பார்சல் கவர் கிடப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

அதனால் உரத்தொட்டிக்குக் கல் சுவரும் கொக்கியோடு கனமான மூடியும் வேண்டும். கழிவை வெளியே இரவு வைக்காதீர்கள், காலையில் வண்டி வரும் நேரத்துக்கு வையுங்கள். புதிதாகப் போட்ட கழிவின் மேல் கண்டிப்பாக அரை அடி காய்ந்த இலை போட்டு மூடுங்கள். மீனும் கறியும் காடு ஒட்டிய வீடுகளில் உரத்தில் வேண்டாம். மூடிய கேஸ் கலனுக்கு இங்கே ஒரு தனிச் சிறப்பு உண்டு. வாடை வெளியே வராததால் விலங்கு வருவதில்லை. காடு ஒட்டிய விடுதிகளுக்குக் கேஸ் குறைவாக வந்தாலும் கலன் வையுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

பன்றிக்குப் போட்டுவிடலாமே?

காலங்காலமாக நடப்பதுதான். ஆனால் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்த பிறகு வேகவைக்காத மிச்சத்தைக் கொடுப்பது ஆபத்து. பன்றிக்கறி கலந்த மிச்சத்தின் வழியாக அது பரவும். 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் அந்த நோயில் செத்தன. கொடுப்பதென்றால் நன்றாகக் கொதிக்க வைத்துக் கொடுங்கள்.

கலனிலிருந்து வெளியே வரும் கரைசலைக் கேரட்டுக்கு ஊற்றலாமா?

விதைப்பதற்கு முன் நிலத்தில் ஊற்றலாம். கேரட் வளர்ந்து நிற்கும்போது ஊற்ற வேண்டாம்.

கரைசலில் தழைச்சத்து செடி உடனே எடுத்துக்கொள்ளும் வடிவில் இருக்கிறது. அதனால் முட்டைக்கோஸ், பூண்டு, பூச்செடிகளில் பலன் கண்ணுக்குத் தெரியும். ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீராவது கலக்க வேண்டும், இல்லையென்றால் இலை கருகும். ஆனால் நம் கலன்கள் குளிரில் வேலை செய்பவை. உரக்குவியல் 55 டிகிரிக்கு மேல் சில நாள் வெந்து நோய்க் கிருமிகளைக் கொன்றுவிடும். 20 டிகிரியில் கிடக்கும் கலன் அதைச் செய்யாது. பச்சையாகக் கடித்துத் தின்னும் கேரட், முள்ளங்கிக்கு அறுவடை நெருங்கும்போது இதை ஊற்றுவது சரியல்ல. என் வழக்கம், கரைசலைக் காய்ந்த இலையில் ஊற்றி ஒரு முறை உரமாக்கிவிடுவது. இலைக்கும் தழைச்சத்து கிடைக்கும், குவியலும் சூடு பிடிக்கும்.

ஓடையில் விடவே கூடாது. குன்னூர் ஆறு கீழே இறங்கிப் பவானியில் சேர்கிறது. அங்கே குடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

பொரித்த எண்ணெயை என்ன செய்வது?

தனி டின்னில் சேர்த்து, பயோடீசலுக்கு வாங்குபவர்களிடம் கொடுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் இதற்கென்றே ரூகோ என்ற திட்டம் தொடங்கியது. எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள், அதாவது திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் உண்டாகும் சிதைவுப் பொருட்கள், 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது என்பது அவர்கள் வைத்த வரம்பு. டின்னை இரும்புக் கதவுக்குள் வையுங்கள், கரடிக்காக.

உணவுக் கழிவைத் தின்னும் கறுப்பு ஈப் புழு (பிளாக் சோல்ஜர் ஃப்ளை) வளர்ப்பு இங்கே முடியுமா?

ஊட்டியில் முடியாது. அந்த ஈ வெயில் கேட்கும், புழுவுக்கு 27, 30 டிகிரி வேண்டும். மேட்டுப்பாளையம் அடிவாரத்தில் நன்றாக வரும். கோழிக்கும் மீனுக்கும் புரதம் மிகுந்த தீவனம்.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பெரிய ஆலை கட்டினால் என்ன?

இந்தூரை எல்லோரும் உதாரணம் சொல்கிறார்கள். 2022 பிப்ரவரியில் திறந்தபோது அந்த ஆலையின் கொள்ளளவு நாளுக்கு 550 டன் ஈரக் கழிவு. தினமும் 17 டன் வாகன எரிவாயு தருமளவு கட்டப்பட்டது. அந்த ஊர் வீடு வீடாகப் பிரித்து வாங்கியதால்தான் அது ஓடுகிறது. நம் மலை ஊர்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது.

சமவெளிக்கு இறக்கலாம் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. உணவுக் கழிவில் முக்கால் பங்கு தண்ணீர். ஒரு டன் கழிவை லாரியில் ஏற்றினால் 750 லிட்டர் தண்ணீரை 14 கொண்டை ஊசி வளைவுகளில் டீசல் எரித்து இறக்குகிறோம். சமவெளி மக்கள் நம் குப்பையை ஏன் ஏற்க வேண்டும் என்ற கேள்வியும் இருக்கிறது. மார்க்கெட், பெரிய ஓட்டல், ராணுவக் குடியிருப்பு, கல்லூரி விடுதி என்று ஐந்து முதல் ஐம்பது கிலோ, இருநூறு கிலோ அளவில் அந்தந்த இடத்திலேயே முடிப்பதுதான் மலைக்குச் சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எரித்து மின்சாரம் எடுப்பதும் அதே காரணத்தால் ஆகாது. ஈரச்சோறு தானாக எரியாது, அதிலுள்ள தண்ணீரை ஆவியாக்கவே நிறையச் சூடு செலவாகிவிடும்.

சட்டப்படி ஓட்டல்கள் செய்தே ஆக வேண்டுமா?

2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்குபவர்களைப் பெரிய கழிவு உற்பத்தியாளர் என்று தனியாகப் பிரித்தன. மக்கும் கழிவை முடிந்தவரை தங்கள் வளாகத்திலேயே முடிக்க வேண்டும் என்றும் சொன்னன. பிரித்துக் கொடுப்பது எல்லோருக்கும் கடமை, ஒரு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துபவருக்கும்கூட.

பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தான் கொட்டுகிறார்கள். பிறகு ஏன் பிரிக்க வேண்டும்?

சில இடங்களில் நடக்கிறது, மறுக்க மாட்டேன். பார்த்தால் வார்டு உறுப்பினரிடம் சொல்லுங்கள். ஆனால் பிரிக்காமல் கொடுத்தால், அதைக் கையால் பிரிப்பவர் ஒரு மனிதர். டிசம்பர் காலையில், விரல் விறைக்கும் குளிரில், டயப்பரும் உடைந்த கண்ணாடியும் கலந்த சோற்றுக்குள் கைவிடுகிறார். குன்னூர் ஓட்டுப்பட்டறைக் குப்பைக் கிடங்கு நகராட்சியும் தன்னார்வலர்களும் சேர்ந்து உழைத்துத்தான் மாறியது. அங்கே தூய்மைப் பணியாளர்கள் பிரிக்கும் மேசைக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். அப்புறம் உங்கள் வீட்டில் யாரும் கலந்து போட மாட்டார்கள்.

கேஸ் கலன் வெடிக்குமா?

சின்னக் கலன்களில் அழுத்தம் மிகக் குறைவு, சிலிண்டர் மாதிரி வெடிக்காது. ஆனால் மூடிய அறையில் கசிந்து காற்றில் 5-லிருந்து 15 சதவீதம் மீத்தேன் சேர்ந்தால் தீப்பொறி போதும். கலனும் குழாயும் திறந்த வெளியில் இருக்கட்டும். அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடு. குழாயில் துருப்பிடித்த இரும்புத் துருவல் வைத்த டப்பா ஒன்றை இணைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளும். சிலிண்டர் அடுப்பை அப்படியே பயன்படுத்த முடியாது, ஜெட் துளையைப் பெரிதாக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். கலனைச் சுத்தம் செய்ய ஆளை உள்ளே இறக்காதீர்கள். தலையை உள்ளே நீட்டிப் பார்க்கவும் சொல்லாதீர்கள். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர்கள் விஷவாயுவில் செத்த செய்திகளை நாம் படித்துக்கொண்டே இருக்கிறோம். இந்தக் கலனும் அதே மாதிரி மூடிய குழிதான். அடியில் வால்வு வைத்த கலனாகப் பார்த்து வாங்கி, வண்டலை அதன் வழியாக வெளியேற்றுங்கள்.

கலனில் கேஸ் நிரம்பியிருக்கிறது, அடுப்பில் மட்டும் விட்டு விட்டு எரிகிறது. ஏன்?

குழாயில் தண்ணீர் நிற்கிறது. கலனிலிருந்து வரும் கேஸ் ஈரமானது. குளிரில் அது குழாய்க்குள்ளேயே வியர்த்து, தாழ்வான இடத்தில் தேங்கி வழியை அடைக்கிறது. சமவெளியில் எப்போதாவது வரும் இந்தச் சிக்கல், இங்கே பனிக்காலத்தில் வாராவாரம் வரும். குழாயைச் சரிவாகப் போட்டு, மிகத் தாழ்வான இடத்தில் ஒரு டீ-இணைப்பும் சின்ன வால்வும் வையுங்கள். காலையில் அடுப்பு பற்றவைக்கும் முன், கேஸ் வால்வை மூடிவிட்டு அதைத் திறந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டும். பிறகு மூடிவிட்டுப் பற்ற வையுங்கள்.